தலை தொங்கிய நாற்றை முதலில் பார்த்தவன்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். படிப்பு நின்றுபோன பிள்ளை ஒருவருக்குப் பெரியவர் ஒருவர். ஞாயிறு காலை 2 மணி நேரம் ஊருக்கு ஆகிற ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும், புத்தி சொல்லக் கூடாது. ஒரு ஜோடி நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறது, இன்னொன்று ஏரிக்கரையில் பனங்கொட்டை நடுகிறது. எங்களுக்கு வாய்த்தது அங்கன்வாடிக்குப் பின்னால் கிடந்த ஒரு சென்ட் இடம். அதில் இலவம்பாடி முள்ளு கத்தரி வைப்பது என்று முடிவு செய்தோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் கத்தரி, நம்ம பிள்ளைகள் சாம்பாரில் இருக்கட்டுமே.

எனக்கு ஜோடியாக வந்த தம்பிக்கு 16 வயது. பத்தாவதில் கணக்கு போய்விட்டது. அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். முதல் நான்கு வாரமும் என்ன கேட்டாலும் "சரிக்கா" மட்டும்தான். மேலே ஏன் படிக்கவில்லை, யாரோடு சுற்றுகிறாய் என்று நானும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அது தப்பு.

விதை எடுத்த அன்றுதான் பேசினான். செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த காய்கள் நான்கை ஒரு விவசாயி கொடுத்திருந்தார். பிளந்து, பக்கெட் தண்ணீரில் பிசைந்துவிட்டோம். மிதப்பது பதர், அடியில் தங்குவது விதை. இருவர் கண்ணும் தண்ணீரில்தான். தலை நிமிராமலே சொன்னான்: "ரிசல்ட் அன்னிக்கு வூட்டுக்குப் போகலக்கா. பள்ளிகொண்டா கிட்ட பாலாத்து மணல்ல உக்காந்திருந்தேன், இருட்டுற வரைக்கும்." நான் ஒன்றும் கேட்கவில்லை. பதரை வடித்துக் கொட்டினேன். அவன் விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் பரப்பினான்.

அப்புறம் ஒரு ஞாயிறு, உறவில் கல்யாணம் என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். அங்கன்வாடி திண்ணையில் 2 மணி நேரம் காத்திருந்தானாம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்கே போய் அவன் அம்மா முன்னால், "தப்பு என்னுதுதான்" என்று சொன்ன பிறகே வந்தான். அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு இப்படிச் சேர்த்துவைத்த பிள்ளைகளைப் பற்றி 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் பலன் அதிகம். 3 மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் இருந்த மதிப்பே குறைந்துபோயிருந்தது. பாதியில் விடுவதற்குத் தொடங்காமலே இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆடியில் நாற்று விட்டு ஆவணியில் பிடுங்கி நட்டோம். புரட்டாசியில் ஒரு நாள், "இன்னாக்கா இது, தண்ணி வுட்டும் தல தொங்குது?" என்றான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. வாடிய குருத்தைக் கிள்ளி, நகத்தால் தண்டைப் பிளந்தான். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. அன்று மாலையே அந்த விவசாயியிடம் தானே போய்க் கேட்டு வந்தான். வாடிய குருத்தையெல்லாம் கிள்ளி எரிக்க வேண்டும், 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுக்க ஊற வைத்து, வடிகட்டித் தெளிக்க வேண்டும். "நமக்கு ரெண்டு லிட்டர் போதும்க்கா, நூறு கிராம் இடிச்சா சரியாப் போகும்" என்றான். தாளும் இல்லை, போனும் இல்லை, வாய்க்கணக்குதான்.

ஐப்பசியில் காய் பறித்தபோது முள் குத்தாமல் காம்பை எப்படிப் பிடிப்பது என்று அங்கன்வாடி ஆயாவுக்கே காட்டிக்கொடுத்தான். ஓரத்துச் செடியில் ஒரு காயை மட்டும் பறிக்கவில்லை. யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று அதன் காம்பில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறான். அது பழுக்க வேண்டும், அடுத்த ஆடிக்கு விதை.