வரைபவர் பெண் என்றால் நிர்வாணம் மாறிவிடுமா?

கரித்துண்டு:
சுசான் வாலடோனை வைத்து ஆரம்பிக்கிறேன். 1865-இல் பிறந்த பிரெஞ்சு ஓவியர், சலவைக்காரியின் மகள். சர்க்கஸில் விழுந்து அடிபட்டபின் பாரிஸில் ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். ரெனுவார் 1883-இல் வரைந்த 'பூகிவால் நடன'த்தில் ஆடுகிறவர் இவர்தான். பாரிஸின் பெரிய ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. இவர் மாடலாக நின்ற இடத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1923-இல் அவர் வரைந்த 'நீல அறை'யைப் பாருங்கள். கட்டிலில் சாய்ந்திருக்கிறாள் ஒருத்தி. கோடு போட்ட பைஜாமா, வாயில் சிகரெட், காலடியில் இரண்டு புத்தகம். யாருக்காகவும் வயிற்றை எக்கிக்கொள்ளவில்லை. பென்சில் கை மாறினால் உடம்பும் மாறும் என்பதுதான் என் கட்சி.

மாசிவீதி:
நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடை போட்ட பெண்ணைக் காட்டி நிர்வாணத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்களே! 1919-இல் இதே வாலடோன் ஒரு கறுப்பினப் பெண்ணை நிர்வாணமாக நிறுத்திச் சில படங்கள் வரைந்தார். ஒன்றின் தலைப்பு 'கறுப்பு வீனஸ்'. அவள் பெயர் தலைப்பில் இல்லை, நிறம் இருக்கிறது. இதில் எந்த அதிகாரம் கை மாறியது?

கரித்துண்டு:
அந்தத் தலைப்பு எனக்கும் உறுத்தல்தான். சரி, 1909-இல் வரைந்த 'ஆதாமும் ஏவாளும்' படத்துக்கு வாருங்கள். ஏவாள் அவரே, ஆதாம் அவரைவிட 21 வயது இளைய காதலர் உட்டர். இருவரும் முழு நிர்வாணம். பிற்பாடு கண்காட்சிக்காக ஆதாமின் இடுப்பில் மட்டும் இலை வரைய வேண்டியதாயிற்று. ஏவாளை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை! ஆணை அம்மணமாகப் பார்க்கும் பெண் கண்தான் அவர்களைப் பயமுறுத்தியது.

மாசிவீதி:
அப்படியானால் வென்றது கண்காட்சிக்காரர்கள்தானே, தோழர்?

முக்காலி:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் சில வருடம் மாணவர்களுக்கு மாடலாக உட்கார்ந்தவள். இருபது நிமிடத்தில் இடது கால் மரத்துப்போகும். "அசையாதீங்கக்கா" என்று பையன்களும் சொல்வார்கள், பெண்களும் சொல்வார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் படத்தைத் திருப்பிக் காட்டி, "தொடை இப்படி இருந்தா சரியாக்கா?" என்று கேட்டாள். நான் மாற்றச் சொன்னேன், மாற்றினாள். வாலடோன் கேட்டாரா?

கரித்துண்டு:
தெரியாது அக்கா. ஆனால் 1931-இல், 65 வயதைத் தாண்டிய பிறகு, மார்பு தெரியத் தன்னையே வரைந்தார். கழுத்தில் மணிமாலை, இறுகிய வாய், தளர்ந்த உடம்பு. அங்கே யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மாசிவீதி:
அந்தப் படத்துக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன். 'கறுப்பு வீனஸு'க்கு மாட்டேன்.