வெந்த மாவுச்சத்தின் கடைசி வெட்டு எங்கே நடக்கிறது?

கேள்வி

வேகவைத்த மாவுச்சத்துக் கரைசலில் உமிழ்நீரைக் கலந்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அயோடின் சோதனை செய்தேன். முதலில் கருநீலம், பிறகு செம்பழுப்பு, இறுதியில் அயோடினின் வெளிர்மஞ்சள் மட்டுமே எஞ்சியது. வேகாத மாவைக் கலக்கிச் செய்தபோதோ நீலம் மாறவேயில்லை. சில வகைச் சர்க்கரைகளைக் காட்டும் பெனடிக்ட் சோதனையில் செங்கல் நிறம் வந்ததால், குளுக்கோஸ் உருவாகிவிட்டது என்று குறித்துக்கொண்டேன். அப்படியானால் சிறுகுடல் சுவருக்கென்று தனி நொதிகள் எதற்கு?

பதில் 1

நீலம் மறைந்தால் குளுக்கோஸ் வந்துவிட்டது என்று பொருளல்ல. மாவுச்சத்தின் நேர்ச்சங்கிலிப் பகுதியான அமைலோஸின் சுருளுக்குள் அயோடின் அமர்வதால்தான் அந்த நிறம். சங்கிலி குறுகிவிட்டால் அமர இடமில்லை. மாவுச்சத்தை வெட்டும் நொதியான அமிலேஸ், உமிழ்நீரிலிருந்து வந்தாலும் கணையத்திலிருந்து வந்தாலும், சங்கிலியின் நடுவில் குளுக்கோஸ்களை வரிசையாகக் கோக்கும் ஆல்ஃபா-1,4 பிணைப்புகளைத்தான் வெட்டும். மாவுச்சத்தின் கிளையுள்ள பகுதியான அமைலோபெக்டின் கிளைவிடும் ஆல்ஃபா-1,6 பிணைப்பை அது தொடுவதில்லை. ஆகவே மிஞ்சுவன பெரும்பாலும் மால்ட்டோஸ் (இரண்டு குளுக்கோஸ்), மால்ட்டோட்ரையோஸ் (மூன்று குளுக்கோஸ்), கிளையோடு கூடிய சிறு டெக்ஸ்ட்ரின்கள் (சங்கிலித் துண்டுகள்). இவற்றில் எதையும் குடல் செல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளாது.

கடைசி வெட்டு, குடல் செல்களின் மேற்பரப்பிலுள்ள நுண்விரலிகளில் பதிந்து நிற்கும் மால்ட்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்ட்டேஸ் ஆகிய இரண்டு நொதிகளின் வேலை. நாம் உண்ணும் சாதாரணச் சர்க்கரையைப் பிளக்கும் சுக்ரேஸோடு இணைந்திருக்கும் ஐசோமால்ட்டேஸ்தான் மாவுச்சத்தின் கிளையையும் அவிழ்க்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே. விடுபடும் குளுக்கோஸை அங்கேயே இருக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதம், ஒரு மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் அயனிகளோடு, உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பதில் 2

வேகாத மாவைப் பற்றி: அதன் மணிகளில் சங்கிலிகள் இரட்டைச் சுருள்களாக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், நொதிக்குப் பிடி கிடைப்பது அரிது. நீரோடு சூடாக்கும்போது, பெரும்பாலான மாவுகளில் ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள், மணி நீரை உறிஞ்சி உப்பி, அடுக்கு குலைந்து, அமைலோஸ் வெளியே கசிகிறது. ஆறவைத்தால் ஒரு பகுதி மீண்டும் இறுகிவிடும். அப்படி இறுகியது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களாகிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியென்றால் பெனடிக்ட் சோதனையில் வந்த நிறம்?

பதில் 1

மால்ட்டோஸும் ஒடுக்கும் சர்க்கரையே, அதாவது பெனடிக்ட் கரைசலிலுள்ள தாமிரத்தை ஒடுக்கவல்லது. அதுவும் அதே நிறத்தைத் தரும். குளுக்கோஸை மட்டும் காட்டும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பட்டையை அந்தக் கரைசலில் நனைத்துப் பாருங்கள். பிறகு மால்ட்டோஸைப் பிளக்கும் மால்ட்டேஸ் நொதியைச் சேர்த்து மீண்டும் நனையுங்கள். இரண்டாவது முறை நிறம் எவ்வளவு அடர்கிறதோ, அவ்வளவு வேலையைக் குடல் சுவருக்கென்று அமிலேஸ் விட்டுவைத்திருக்கிறது.