களிமண் புல்தரையில் துளையிட எந்தக் கருவி?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் மூலை வீடு. பக்கவாட்டில் ஏறக்குறைய 30 அடிக்கு 15 அடி புல்தரை. அகல இலை கௌ கிராஸ். தைப்பூசத்துக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது மணலையும் செங்கல்லையும் அங்கேதான் குவித்தார்கள். அதிலிருந்து மண் இறுகிவிட்டது. மாலை மழை பெய்தால் மறுநாள் காலைவரை தண்ணீர் தேங்கி நிற்கிறது. புல் மஞ்சளிக்கிறது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை.

உரம் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. மணல் தூவினேன், மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆணி பதித்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். துளை விழுந்தது, ஆனால் உள்சுவர் மெழுகிவிட்டதுபோல் வழவழவென்று இருந்தது. ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகிறது. களிமண்ணுக்கு அது உதவாது என்பது என் முடிவு. தோட்டத்து ஃபோர்க்கால் ஆழக் குத்தி அசைத்த ஓரத்தில் மட்டும் தண்ணீர் சற்று வடிகிறது. தரை முழுவதும் அப்படிச் செய்ய என் இடுப்பு இடம் கொடுக்காது.

இப்போது காலால் மிதித்து அழுத்தும் குழாய்க் கருவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மண்ணை இரண்டு மூன்று அங்குல உருளையாகப் பிடுங்கி வெளியே போடும். ஈரக் களிமண் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். மோட்டார் இயந்திரத்தை உள்ளே கொண்டுவர வழியில்லை, பக்கவாட்டுக் கதவு மிகக் குறுகல்.

இங்குள்ள களிமண்ணில் இந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: அடைக்காமல் இருக்க எவ்வளவு அகலக் குழாய் உள்ளதை வாங்க வேண்டும்?