பொம்மைக் கச்சேரி நடக்கும் பீட்சா உணவகத்தில் பிறந்தநாள் விழா: மகன் பயப்படுகிறான், சனிக்கிழமை என்ன செய்வது?

புதிதாக வந்த அம்மா:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. மகனுடைய வகுப்புத் தோழனின் பிறந்தநாள் விழா வரும் சனிக்கிழமை நடக்கிறது. இங்கே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு குடும்ப பீட்சா உணவகத்தில் வைத்திருக்கிறார்கள். மேடையில் ஆளுயர இயந்திர விலங்குகள் கிட்டார் வாசித்துப் பாடுமாம். அழைப்பிதழோடு வந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மகன் அழுகிறான், இரவில் தூங்குவதில்லை. ஆனால் இந்தப் பள்ளியில் அவனோடு பேசுகிற ஒரே பிள்ளை அந்தத் தோழன்தான். போகாவிட்டால் அந்த நட்பும் போய்விடுமோ என்று பதறுகிறேன். கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருக்கிறார். நாங்கள் சைவம். யாராவது வழி சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய், டாலஸ்:
முதலில் பரிசைப் பற்றிச் சொல்கிறேன், எல்லோரும் அங்கேதான் தடுமாறுவார்கள். 20 முதல் 25 டாலருக்குள் ஒரு விளையாட்டுப் பொருள் போதும். கடையில் பணம் கட்டும்போதே கிஃப்ட் ரசீது கேட்டு வாங்கி உள்ளே வையுங்கள். அதில் விலை இருக்காது, பிடிக்காவிட்டால் அவர்கள் மாற்றிக்கொள்ளலாம். பரிசை அங்கேயே பிரிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப் போய்த்தான் பிரிப்பார்கள், மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள். அழைப்பிதழில் பரிசு வேண்டாம் என்று எழுதியிருந்தால் வாழ்த்து அட்டை மட்டும் போதும். மகனுக்கு என்ன வயது?

நியூஜெர்சி வாசி:
தங்கையே, ஒரு விழாவுக்குப் போகாததால் எந்த நட்பும் முறியாது. நாங்கள் வந்து இறங்கியது ஜனவரியில். பனியில் நடக்கத் தெரியாது, கார் கிடையாது. கிரெடிட் வரலாறு, அதாவது கடன் வாங்கித் திருப்பிய பதிவு, இல்லை என்பதால் வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வரும்வரை ஒரு கைப்பேசி இணைப்புக்குக் கூட அலைந்தோம். என் மனைவி வசந்தம் வரும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. முதலில் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், முன்பணம் கட்டி வாங்கும் செக்யூர்ட் கிரெடிட் கார்டு, இந்த மூன்றையும் முடியுங்கள். பீட்சாவும் பொம்மையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பிள்ளைகளின் தாய், டாலஸ்:
அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அவர் கேட்டது சனிக்கிழமையைப் பற்றி. பள்ளியில் பேச ஆளில்லாத பிள்ளைக்குக் கிரெடிட் கார்டு என்ன செய்யும்?

சிகாகோ தமிழர்:
பரிசெல்லாம் வாங்கி அலைய வேண்டாம். ஓர் உறையில் 21 டாலர் வைத்துக் கொடுங்கள், நம் வழக்கப்படி. அவர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய், டாலஸ்:
தயவுசெய்து வேண்டாம். தமிழ் வீட்டு விழா என்றால் உறை சரி. வகுப்புத் தோழனின் விழாவில் சின்னப் பிள்ளை கையில் ரொக்கத்தைக் கொடுத்தால் அந்தத் தாய்க்குச் சங்கடமாக இருக்கும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் கிஃப்ட் கார்டு வாங்குங்கள்.

சைவச் சமையல்காரி, அட்லாண்டா:
உணவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! பெப்பரோனி என்று வட்ட வட்டமாகச் சிவப்பாக இருப்பது பன்றி, மாட்டிறைச்சிக் கலவை. தக்காளித் துண்டு என்று நினைத்துக் குழந்தை எடுத்துவிடும். சீஸ் செய்யப் பாலைத் திரிய வைக்கும் ரெனட் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. விழா முடிவில் பிள்ளைகளுக்குத் தரும் பரிசுப் பையில் உள்ள மெல்லும் மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. நான் என் பிள்ளைகளுக்கு வெளியில் பீட்சாவே வாங்கித் தருவதில்லை. வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள்.

சியாட்டில் தங்கவேல்:
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். இன்று அமெரிக்காவில் பெரும்பாலான சீஸுக்கு, கன்றிலிருந்து எடுக்காமல் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரிக்கும் நொதியால்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள். பார்மிஜியானோ ரெஜியானோ போன்ற இத்தாலிய வகைக்குத்தான் கன்றின் ரெனட் கட்டாயம். விழாவில் வெறும் சீஸ் பீட்சா எப்போதும் இருக்கும். அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் கொடுங்கள். மிட்டாய் விஷயத்தில் மட்டும் அக்கா சொல்வது சரி, உறையில் ஜெலட்டின் என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

புதிதாக வந்த அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மகனுக்கு ஐந்து வயது. நாங்கள் கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறோம். உணவகம் சான் ஹோசே பக்கம். வருகிறோமா இல்லையா என்று புதன்கிழமைக்குள் சொல்லும்படி அழைப்பிதழில் இருந்தது. அதை நான் இன்றுதான் கவனித்தேன், இன்று வியாழன். பத்து மாதக் கைக்குழந்தையும் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. பசியைச் சமாளித்துவிடலாம். அந்த இயந்திரங்களைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

ஆட்டோமேஷன் பொறியாளர், டெட்ராய்ட்:
நீங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டதும் சிலிர்த்துவிட்டது. இந்த வகை உணவகம் பிறந்த ஊரே அதுதான். அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்நெல், 1977இல் சான் ஹோசேயின் வின்செஸ்டர் சாலையில் பீட்சா டைம் தியேட்டரைத் திறந்தார். பீட்சா வேகும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடட்டும், பொம்மைகள் பாடட்டும் என்பது அவர் யோசனை. டிஸ்னிலாந்தில் 1963இல் திறந்த டிக்கி அறை என்ற அரங்கின் பாடும் இயந்திரப் பறவைகள் அவருக்கு முன்மாதிரி. இன்று சக் ஈ. சீஸ் என்று ஊரெங்கும் இருப்பது அந்தக் கடையின் வாரிசு.

1980இல் மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் ஷோபிஸ் பீட்சா பிளேஸ் என்ற போட்டி நிறுவனம் வந்தது. ஆரன் ஃபெக்டரின் நிறுவனம் செய்த ராக்-அஃபையர் எக்ஸ்ப்ளோஷன் என்ற இயந்திர இசைக்குழு அதன் மேடையில் ஆடியது. கரடி, கீபோர்டு வாசிக்கும் கொரில்லா, டிரம் அடிக்கும் நாய் என்று ஒரு முழுக் குழு. ஒலிநாடாவின் சில தடங்களில் பாட்டு இருக்கும், மற்ற தடங்களில் எந்தக் கை எப்போது தூக்க வேண்டும், எந்த இமை எப்போது மூட வேண்டும் என்ற கட்டளைகள் இருக்கும். புஷ்நெல் தொடங்கிய நிறுவனம் 1984இல் திவாலாகி ஷோபிஸோடு இணைந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்தக் கரடியையும் கொரில்லாவையும் தோல் மாற்றிச் சக் ஈ. சீஸ் கதாபாத்திரங்களாக ஆக்கினார்கள். 2017க்குப் பிறகு பெரும்பாலான கிளைகளில் இயந்திர மேடையையே எடுத்துவிட்டு நடன மேடையும் திரையும் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் போன்ற வெகு சில கிளைகளில்தான் இயந்திரக் குழு இன்னும் நிற்கிறது. அப்படியிருக்க, இந்தக் காலத்தில் புதிதாக ஒருவர் இயந்திர மேடையோடு கடை திறக்கிறார் என்றால் அது பெரிய விஷயம். நான் அங்கே இருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பழைய மேடைகளில் பொம்மைக்கு உயிர் கொடுப்பது அழுத்தக் காற்று. மேடைக்குப் பின்னால் ஒரு கம்ப்ரசர் ஓடும். மின்சாரம் வால்வைத் திறந்தால் காற்று உருளைக்குள் போய்த் தண்டைத் தள்ளும், கை உயரும். மூடினால் காற்று வெளியேறும், கை இறங்கும். உஸ்ஸென்று கேட்பது அந்தக் காற்றுதான். புதிய மேடைகளில் காற்றுக்குப் பதில் சிறிய மோட்டார்களும் இருக்கலாம். பலூனில் காற்றடைத்து அதன்மேல் ஒரு லேசான புத்தகத்தை வைத்துக் காட்டுங்கள், காற்று பொருளைத் தூக்கும் என்பது அவனுக்கே விளங்கும். பாட்டு முடிந்ததும் சில பொம்மைகள் பாதி மூடிய கண்ணோடு அப்படியே நின்றுவிடும். ஆடும் பொம்மையைவிட அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் அதிகம் மிரளுவார்கள். அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிகாகோ தமிழர்:
வரலாறு நன்றாக இருந்தது. ஆனால் இந்த விழாக் கலாச்சாரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் என்றால் வருடத்தில் இருபது சனிக்கிழமை போச்சு. இரண்டு மணி நேரம், ஒரு துண்டு பீட்சா, ஒரு துண்டு கேக், கையில் பிளாஸ்டிக் சாமான் நிறைந்த பை. தாத்தா பாட்டி யாரும் கிடையாது. நம் ஊரில் பிறந்தநாள் என்றால் கோயிலுக்குப் போவோம், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுப்போம், முடிந்தது.

நியூஜெர்சி வாசி:
அதேதான். அந்தக் கடைகளில் விளையாட்டு அட்டையில் பணம் ஏற்றி ஏற்றிப் பிள்ளைகள் சேர்க்கும் புள்ளிகளுக்குக் கிடைப்பது ஒரு ரப்பர் வளையம். மாத வருமானமும் செலவும் இழுபறியாக இருக்கும் முதல் வருடத்தில் இது தேவையா?

சைவச் சமையல்காரி, அட்லாண்டா:
சத்தத்தைச் சொல்லுங்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கத் தலைவலி.

செவிலியர், பே ஏரியா:
கொஞ்சம் நிறுத்துவோம். அந்தப் பெண் வியாழக்கிழமை எழுதியிருக்கிறார், சனிக்கிழமை கிளம்ப வேண்டும். எப்படிப் போகப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவர் ஊரில் இல்லை. தங்கையே, உங்களிடம் கார் இருக்கிறதா, ஓட்டுவீர்களா?

புதிதாக வந்த அம்மா:
இல்லை அக்கா. செயலியில் வாடகைக் கார் அழைக்கலாம் என்று இருந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வேன்.

செவிலியர், பே ஏரியா:
அது கூடவே கூடாது. கலிபோர்னியா சட்டப்படி எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பின்னிருக்கையில், குழந்தைகளுக்கான தனி இருக்கையான கார் சீட்டிலோ, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரிலோதான் உட்கார வேண்டும், உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தொட்டிருந்தால் மட்டுமே விலக்கு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும், எடை 40 பவுண்டோ உயரம் 40 அங்குலமோ எட்டாதவரை. செயலியில் அழைக்கும் காருக்கும் இதேதான், சீட் இல்லையென்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். சட்டத்தை விடுங்கள், மோதும் நேரத்தில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. அவசரப் பிரிவில் வேலை பார்ப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தச் சனிக்கிழமைக்கு பஸ்தான் நல்லது. விடிஏ என்ற நம் பகுதிப் பொதுப் போக்குவரத்து பஸ்ஸில் கார் சீட் தேவையில்லை. பாப்பாவை மார்போடு கட்டிக்கொள்ளும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியில் சனிக்கிழமை நேரத்தைப் போட்டுத் தேடுங்கள், வார நாள் அட்டவணையும் வாரக் கடைசி அட்டவணையும் ஒன்றல்ல. அடுத்த மாதத்துக்குள் இரண்டு சீட்டும் வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தது இருந்தால் அதில் அமெரிக்க பாதுகாப்பு விதி முத்திரை இருக்காது, பயன்படாது. முன்பின் தெரியாதவரிடம் பழையதும் வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது, காலாவதித் தேதியும் உண்டு. சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் அலுவலகங்களில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள், முன்பதிவு செய்ய வேண்டும்.

அடுத்து, அந்தத் தாய்க்கு இப்போதே குறுஞ்செய்தி அனுப்புங்கள். புதன் தாண்டியதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். மகன் வருகிறான், நீங்களும் கைக்குழந்தையும் கூட வருவீர்கள், பாப்பாவுக்குத் தனித் தட்டு வேண்டாம், உங்களுக்குச் சீஸ் பீட்சா போதும், மகனுக்கு மேடைப் பொம்மை என்றால் பயம், ஓரமாக உட்காரலாமா, இவ்வளவுதான். பொதுவாக அழைக்கப்படாத உடன்பிறப்புகளைக் கூட்டிப் போவதில்லை, ஆனால் முன்பே கேட்டுவிட்டால் பத்து மாதக் குழந்தைக்கு யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பயத்துக்கு: பொறியாளர் அண்ணா சொன்ன பலூன் நல்ல யோசனை, நாளை மாலை செய்யுங்கள். அதே வீடியோவை ஒலியில்லாமல் பகலில் ஒருமுறை காட்டுங்கள், அவன் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். கச்சேரி இடைவிடாமல் நடக்காது, இடையிடையேதான் நடக்கும். உள்ளே போனதும் அடுத்தது எத்தனை மணிக்கு என்று ஊழியரிடம் கேளுங்கள், அந்த நேரத்தில் அவனை விளையாட்டுப் பகுதிக்கோ வாசலுக்கோ அழைத்துப் போங்கள். காதை மூடும் ஹெட்போன் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். முகமூடி உடையணிந்த ஆளும் மேசைக்கு மேசை வருவார், அவரோடு புகைப்படம் எடுக்கச் சொல்லி அவனை யாரும் தள்ள விடாதீர்கள். பல இடங்களில் வாசலில் உங்கள் கையிலும் பிள்ளைகள் கையிலும் ஒரே எண்ணை முத்திரை குத்துவார்கள், வெளியேறும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாப்பாவுக்கும் குத்தச் சொல்லுங்கள், அழித்துவிடாதீர்கள்.

புதிதாக வந்த அம்மா:
அக்கா, செய்தி அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்துவிட்டது. பாப்பாவும் வரலாமாம், மேடையிலிருந்து தள்ளியிருக்கும் மேசையில் எங்களுக்கு இடம் வைக்கிறார்களாம். ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஒரே ஒரு கேள்வி: சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் நான் பணம் கொடுக்க வேண்டுமா, டிப்ஸ்?

இரண்டு பிள்ளைகளின் தாய், டாலஸ்:
வேண்டாம் தங்கையே. விருந்து கொடுப்பவர்தான் பணமும் டிப்ஸும் கொடுப்பார். விளையாட்டு அட்டையும் பிள்ளைகளுக்கு அவர்களே தருவார்கள். நீங்கள் தனியாகக் காபியோ வேறு ஏதாவதோ வாங்கினால் மட்டும் உங்கள் செலவு.

செவிலியர், பே ஏரியா:
பரிசை நாளையே வாங்கி, அட்டையில் மகனை அவன் பெயரை எழுதச் சொல்லுங்கள். திரும்பி வரும் பஸ் நேரத்தையும் இப்போதே குறித்துவையுங்கள், விழா முடியும் நேரத்தைவிட அரை மணி முன்னதாக ஒரு பஸ், பின்னதாக ஒரு பஸ். மகன் பாதியில் போகலாம் என்றால் முந்தைய பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.