கலைச்சொல்: நாளப்படம் வேண்டாம், நாடிப்படம் போதும்

வணக்கம் நண்பர்களே,

காலில் இரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்க எடுக்கும் ஆஞ்சியோகிராம் (angiogram) படத்துக்கு 'குருதி நாள வரைவு' என்று போன வாரம் வந்த பரிந்துரை இலங்கையில், ஹட்டனில் இருக்கும் எனக்கு உதவாது. தமிழ்நாட்டில் இரத்த நாளம் எல்லாக் குழாய்க்கும் பொது. இலங்கைப் பாடநூலில் நாளம் என்றால் இதயத்துக்குத் திரும்பும் குழாய் மட்டும். இதயத்திலிருந்து புறப்படுவது நாடி. அங்கே தமனி, சிரை. இங்கே நாடி, நாளம். காலில் நாளம் அடைப்பது தனியே ஒரு நோய், வைத்தியமும் வேறு. நோயாளிகளுக்கான துண்டுப்பிரசுரத்தில் இதைக் குழப்பக் கூடாது.

நாடி என்றால் துடிப்புத்தானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதனால்தான் அது நல்ல சொல் என்கிறேன். என் பெரியம்மா தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறித்தவர். மலை ஏறினால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச நேரம் நின்றால் விட்டுவிடும். டாக்டர் முதலில் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, "நாடி சரியா கிடைக்கல" என்றார். பெரியம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, சோதனை வகைகளுக்கு வருவோம். டொப்ளரை (ஒலியலை ஸ்கேன்) நாடிப்படம் என்று சொல்ல வேண்டாம். குழாய் குறுகிய இடத்தில் இரத்தம் வேகமெடுக்கும், அந்த வேகத்தை அளப்பதுதான் அதன் முக்கிய வேலை. கதிர்வீச்சும் இல்லை, சாய மருந்தும் இல்லை. ஆனால் குடலில் காற்று இருந்தால் இடுப்புக்குள் போகும் நாடி தெரியாது. 'நாடி வேக ஸ்கேன்' எனலாம். அடுத்தவை சிடி நாடிப்படம், காந்த (எம்.ஆர்.ஐ.) நாடிப்படம். முன்னதில் நாடிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்து உள்வழியை மறைக்கும். பின்னதில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் குறுகலைச் சில நேரம் கூட்டிக் காட்டிவிடும்.

சிக்கல் கடைசி வகையில்தான், ஆங்கிலத்தில் DSA (digital subtraction angiography) என்பார்கள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை நுழைத்துச் சாயம் செலுத்துகிறார்கள். சாயத்துக்கு முன் எடுத்த படத்தை, பின் எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துவிடும். எலும்பெல்லாம் மறைந்து நாடி மட்டும் நிற்கும். அதற்காக 'நாடிக் கழிப்பு' என்று எழுதினால் நாடியையே வெட்டி எடுப்பார்கள் என்று நோயாளி பயப்படுவார். 'எலும்பு நீக்கிய படம்' இன்னும் மோசம்.

என் பரிந்துரை: தனி நாடிப்படம். நாடி தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கழித்தல் கணக்கு மாணவருக்கான வரைவிலக்கணத்தில் இருக்கட்டும். இந்த ஒன்றில்தான் அதே அமர்விலேயே பலூன் வைத்து அடைப்பை விரிக்கவும் முடியும், அதனால் ஒப்புதல் படிவத்தில் நோயாளி அதிகம் படிக்கப்போகும் பெயரும் இதுவே.

தமிழ்நாட்டு நண்பர்கள் 'தனித் தமனிப்படம்' என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். 'நாளம்' மட்டும் வேண்டாம்.