புதுப்பிப்பு: ஷின்கான்சனில் சக்கர நாற்காலி இடம்

ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சனில் டோக்கியோ–கியோட்டோ பயணம் பற்றிய முந்தைய இழையில் விடுபட்டவை.

இந்த வழியில் ஓடும் 16 பெட்டி தொக்கைடோ ஷின்கான்சனில் சக்கர நாற்காலி இடம் 11ஆம் பெட்டியில்தான். 2021 ஏப்ரலில் வந்த புது வகை என்700எஸ் வண்டியில் 6 இடம். பழையவற்றில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட் விற்பனை பயணத்துக்கு ஒரு மாதம் முன், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, நமக்கு 6.30.

நாற்காலி அளவு: நீளம் 120, அகலம் 70, உயரம் 120 செ.மீ.க்குள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாற்காலியின் விற்பனைத் தாளில் இருப்பது உட்காரும் பகுதியின் அகலம். அளக்க வேண்டியது சக்கரத்தின் வெளிவிளிம்பு வரை. கால்பலகையும் நீளத்தில் சேரும்.

சாதாரண முன்பதிவு இருக்கையை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் சக்கர நாற்காலி இடம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், பெட்டியே மாறிவிடும். இறங்கும் நிலையத்தில் சாய்பலகையோடு ஊழியர் வருவது வண்டி எண்ணைப் பார்த்து. கடைசி நேரத்தில் வண்டி மாற்றினால் ஏறும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.