மார்கழி வெயிலில் ராயபுரம் ஸ்டேஷனும் வடக்கு லைன் ரயில்களும்: எங்கே, எப்போது நின்று எடுப்பது?

கொருக்குப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் செகண்ட்ஹேண்டில் ஒரு கேமராவும் 55-250 லென்ஸும் வாங்கினேன். தை முடிவதற்குள் ராயபுரம் ஸ்டேஷனையும், கூடூர் பக்கம் போகிற வடக்கு லைன் வண்டிகளையும் ஒழுங்காகப் படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், தினமும் ராயபுரத்தில்தான் இறங்கி நடப்பார், இப்போது முட்டிவலியால் வெளியே போவதே இல்லை. நல்ல படமாக ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவர் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். விடிந்ததும் தண்டையார்பேட்டை பிளாட்பாரத்தில் நின்று, சென்ட்ரலில் இருந்து கிளம்பி வருகிற வண்டிகளை எடுத்தேன். எல்லாவற்றிலும் இன்ஜின் முகம் கறுத்துப்போய், பின்னால் வானம் வெளிறி நிற்கிறது. ராயபுரத்துக்கு மத்தியானம் போனேன், படத்தில் தூண்கள் எல்லாம் தட்டையாகத் தெரிகின்றன. இதற்கு நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒருவர் வந்து படங்களை அழிக்கச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் பயந்துபோய் அழித்துவிட்டேன். இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நிற்பது? அனுமதி வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேசின்பிரிட்ஜ்வாசி:

தம்பி, உங்கள் கேமராவில் கோளாறு இல்லை, வண்டி போகிற திசைதான் தப்பு. சென்னை பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கு வானத்திலேயே ஊர்ந்து, தென்மேற்கில் இறங்கிவிடும். உச்சி வேளையில்கூட 56 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் வடக்கு லைன் கொருக்குப்பேட்டையில் இருந்து எண்ணூர் வரைக்கும் ஏறக்குறைய தெற்கு வடக்காக, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து ஓடுகிறது. அப்படியானால் கூடூர் பக்கம் போகிற வண்டியின் முகத்தில் இந்தச் சீசன் முழுக்க வெயில் படவே படாது. நீங்கள் எடுத்தது எல்லாம் அந்த வண்டிகள்தான். அவற்றை மே, ஜூன் காலைக்கு விட்டுவிடுங்கள். அப்போது சூரியன் வடகிழக்கில் எழும், முகம் தானாகவே பளிச்சென்று வரும்.

இப்போதைக்கு சென்ட்ரலுக்கு வருகிற வண்டிகளைப் பிடியுங்கள். காலையில் ஏழில் இருந்து எட்டரைக்குள் கிழக்குப் பக்கப் பிளாட்பாரத்தில் நின்று வடக்கே பாருங்கள், பெட்டிகளின் பக்கவாட்டில் வெயில் வழிந்து வரும். முகம்தான் வேண்டும் என்றால் சாயங்காலம் மூன்றரையில் இருந்து ஐந்துக்குள் மேற்குப் பக்கம் நின்று அதே மாதிரி வடக்கே பாருங்கள். என்னைக் கேட்டால் மாலைதான் உசத்தி. வெள்ளையும் சிவப்பும் பூசிய டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜின் வந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த வெள்ளை வெந்துபோகும். அந்த இன்ஜின்களில் பல நம் ராயபுரம் இன்ஜின் பராமரிப்பு ஷெட்டைச் சேர்ந்தவை. உடம்பில் ஷெட் பெயரை எழுதியிருப்பார்கள், அது படிக்கிற மாதிரி எடுத்தால் அப்பாவுக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஷட்டர் வேகம். எக்ஸ்பிரஸுக்கு 1/1000 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள். ஆனால் மின்சார ரயிலின் எல்இடி பலகையில் ஊர்ப் பெயர் முழுசாக விழ வேண்டும் என்றால் 1/100, 1/80 என்று இறங்கத்தான் வேண்டும், வேகத்தில் எடுத்தால் பாதி எழுத்து காணாமல் போய்விடும். அதனால் மின்சார ரயிலை நிற்கும்போது எடுப்பதுதான் சரி.

ஓய்வுபெற்ற கார்டு:

நான் ரிட்டையர் ஆகும்போது ரயிலின் பின்பெட்டியில் வருகிற கார்டு, 2022இல் அந்தப் பதவிக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதிகாலைச் சாம்பல் வெளிச்சத்தில் தண்டவாளத்து ஓரமாகக் கேமராவோடு ஆள் நிற்பதைப் பின்பெட்டியில் இருந்து நிறையப் பார்த்தவன் நான். ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடத்தைத் தாண்டி இறங்காதே தம்பி. ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. சட்டத்தை விடு, பக்கத்து லைனில் வருகிற மின்சார ரயிலின் சத்தம் கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் அமுங்கிவிடும், காதை நம்பவே முடியாது. மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தில் நின்று ஸ்டாண்டையோ செல்ஃபி குச்சியையோ வெளியே நீட்டினால் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டே போனாலே போதும். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, மோட்டார்மேனுக்குக் கண் கூசி ஒரு நொடி சிக்னல் தெரியாமல் போகும்.

பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான். அதை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், அப்பாவுக்காக எடுக்கிறேன் என்று விஷயத்தைச் சொல். சொல்லிவிட்டு எடுப்பவனை யாரும் அவ்வளவு சீக்கிரம் விரட்டமாட்டார்கள். ஸ்டாண்ட், பெரிய சாமான் எல்லாம் கொண்டுபோவதாக இருந்தால் தெற்கு ரயில்வே மக்கள் தொடர்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடு. அழித்த படத்துக்காக வருத்தப்படாதே, அந்த மெமரி கார்டில் இன்னும் எதையும் எடுக்காமல் வைத்திருந்தால் மீட்டெடுக்கிற மென்பொருள் இருக்கிறது.

ராயபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது, சுமார் நூறு கிலோமீட்டர். பம்பாயிலும் தாணேயிலும் அதற்கு முன் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை, அதனால் நாட்டில் நிற்கிற பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். சென்ட்ரல் வந்ததே 1873இல். இதை வெறும் பின்னணியாக வைத்து முன்னால் இன்ஜினை நிறுத்தி எடுக்காதே, கட்டடத்தைக் கட்டடமாகவே எடு. தூணில் பக்கவாட்டு வெயில் விழும்போது போனால்தான் அதன் உருட்சி தெரியும், மத்தியானம் போனால் நீ சொன்ன தட்டைதான்.

எண்ணூர் அக்கா:

ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஆள் இல்லாத ராயபுரம் எனக்கு ராயபுரம் மாதிரியே தெரியாது. மீன்கூடையோடு ஏறுகிற அம்மாக்கள், டீ கிளாஸ், ஷிப்ட் முடிந்து தூங்கி விழுகிற ஆட்கள், இவர்கள் இருந்தால்தான் அது நம் ஸ்டேஷன். கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மழை விட்ட மறுநாளைத் தவற விடாதீர்கள். டிசம்பரில் மழை ஓய்ந்ததும் இரண்டு மூன்று நாள் காற்று கழுவி விட்ட மாதிரி இருக்கும், பிளாட்பாரத்துக் குட்டைத் தண்ணீரில் வண்டி தலைகீழாகத் தெரியும். போகி அன்று காலை நேர் எதிர். எரிக்கிற புகையும் பனியும் சேர்ந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சிலர் அந்தப் புகைக்காகவே வருகிறார்கள், மஞ்சளாக ஹெட்லைட் மட்டும் மிதந்து வருவது பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு இளைப்பு வந்துவிடும், நான் போவதில்லை. ஏசி அறையில் இருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் ஈரத் துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், எங்கள் ஊர் உப்புக்காற்று ஒரே வருஷத்தில் ஸ்க்ரூவைத் துருவாக்கிவிடும்.

நேரம் இருந்தால் எண்ணூரைத் தாண்டி ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வாருங்கள். உப்பங்கழியின் மேல் வண்டி போகும்போது ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, கீழே வலை வீசுகிறவர்கள். நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. படியில் தொங்கிக்கொண்டு மட்டும் எடுக்காதீர்கள்.

பேசின்பிரிட்ஜ்வாசி:

பெரம்பூர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் நியூ ஆவடி சாலையில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிற ரயில் மியூசியத்துக்குப் போங்கள், 2002இல் திறந்தது. நீராவி இன்ஜின்களைத் தொடுகிற தூரத்தில் நின்று நிதானமாகப் பழகலாம். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் 2010இல் உயிர் கொடுத்த இஐஆர்-21 என்ற பழைய நீராவி இன்ஜினைச் சுதந்திர தினத்தையொட்டி எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் ஓட்டியிருக்கிறார்கள். 1855இல் லீட்ஸில் செய்தது, நம் ராயபுரம் ஸ்டேஷனைவிட ஒரு வயது மூத்தது. மறுபடி ஓட்டுவதாக அறிவிப்பு வந்தால் இங்கேயே போடுகிறேன்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் நான்கு மணிக்குத் திருவொற்றியூரில் மேற்குப் பக்கம் நின்றேன். சென்ட்ரல் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று வந்தது, இன்ஜின் கண்ணாடியில் இருந்த வைப்பர் நிழல் வரைக்கும் படத்தில் இருக்கிறது. டிரைவர் கையைக்கூடக் காட்டினார்.

இன்று காலை ராயபுரம். ஸ்டேஷனில் போய்க் கேட்டேன், நடைமேடையை விட்டு இறங்காமல் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். தூண்களை எடுத்தேன், கூடை அம்மா ஒருவரையும் எடுத்தேன். திரும்பும்போது எங்கள் தெரு முனையில் வேலிக்கு நட்டிருக்கிற பழைய தண்டவாளத் துண்டில் சாய்வாக வெயில் பட்டது. பக்கவாட்டில் ஏதோ புடைப்பெழுத்து. இத்தனை வருஷம் அதன் மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன், எழுத்து இருப்பது தெரியாது. கிட்டே போய் எடுத்தேன், 19 என்ற இரண்டு எண் மட்டும் தெளிவாக இருக்கிறது, மீதி பெயிண்டுக்குள் போய்விட்டது. அப்பாவிடம் மூன்று படத்தையும் காட்டினேன். இன்ஜினையும் தூணையும் பார்த்துவிட்டு, தண்டவாளப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அடுத்த இரண்டு எண் என்ன என்று நாளை போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்.